முயல் வளைக்குள் கிடைத்த சொற்கள்

(புனே நகரின் கட்கிப் பகுதியில், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தமிழர்களின் வாசிப்பு வட்டத்தில் அறிவொளித் தொண்டர் ஒருவர் பேசியது)

 

இன்று நான் சொற்களைப் பற்றிப் பேசப் போகிறேன். எழுத்துகளை நீங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறீர்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறீர்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது.

ஆனாலும் ஒரு கஷ்டம் பாக்கி இருக்கிறது. ஒரு சொல்லை வாய்விட்டுப் படிக்க முடிகிறது. அதன் பொருள் தெரிவதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஊரில் உள்ள நிலத்தைப் பற்றி ஒரு காகிதம் வருகிறது. தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று போட்டிருக்கிறது. விடுதலை என்றால் நல்ல சொல்தானே? நாட்டு விடுதலை, சிறையிலிருந்து விடுதலை என்றுதானே கேட்டிருக்கிறோம்? பத்திரத்தில் அதன் பொருளே வேறு. 'இந்தச் சொத்தில் எனக்கு உள்ள பங்கை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் விடுதலைப் பத்திரம் என்று பெயர். தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டிலும், இங்கே மகாராஷ்டிரத்தில் 1994-ம் ஆண்டிலும், நாடு முழுவதற்கும் 2005-ம் ஆண்டிலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு வந்தது. சட்டம் கொடுத்த அந்தப் பங்கு, பொருள் தெரியாத ஒரு சொல்லின் கீழே போடும் கையெழுத்தில் போய்விடலாம்.

இந்தக் கவலை புனேவுக்குப் புதிதல்ல. 1848-ம் ஆண்டில் இதே ஊரில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். 1855-ம் ஆண்டில் பகலெல்லாம் உழைக்கிறவர்களுக்காக இரவுப் பள்ளி தொடங்கினார்கள். அதே 1855-ல் ஜோதிராவ் 'த்ருதீய ரத்ன' என்று ஒரு நாடகம் எழுதினார். படிப்பில்லாத ஓர் உழவரும் அவர் மனைவியும் ஏமாற்றப்படுவதுதான் கதை. கடைசியில் இருவரும் இரவுப் பள்ளியில் சேர்ந்து படிக்க முடிவு செய்கிறார்கள். பிறகு 1883-ல் எழுதிய 'ஷேத்கர்யாசா ஆசூட்' என்ற நூலில், அதாவது 'உழவனின் சாட்டை'யில், படிப்பில்லாததால் உழவர்கள் என்னென்ன பாடுபடுகிறார்கள் என்று விவரமாகச் சொன்னார். நாமும் மாலையில் வேலை முடிந்து வந்துதான் இங்கே உட்காருகிறோம்.

குழந்தைக் கதை எதற்கு?

நம் வட்டத்தில் இந்த மாதம் ஆலிஸ் என்ற சிறுமியின் மாயக்கதையைப் படிக்கிறோம். முதல் நாள் ஓர் அண்ணன் கேட்டார்: "ஏன் தங்கச்சி, பத்திரம் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முயல் கதையைக் கையில் கொடுக்கிறாயே?" நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

நாம் முதன்முதலில் சொற்களை எப்படிக் கற்றோம்? யாரும் நமக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. அடுப்புப் பக்கம் கையை நீட்டினோம். அம்மா "சுடும்!" என்றாள். சொல்லும் சூடும் ஒன்றாக வந்தன. அதனால் அந்தச் சொல் மறக்கவே இல்லை. பத்துச் சொற்களைப் பலகையில் எழுதிப் பொருள் சொன்னால், மறுநாள் இரண்டு நினைவிருந்தால் அதிகம். கதையில் வரும் சொல் அப்படிப் போவதில்லை. அங்கே ஏதோ நடக்கிறது. நடந்ததோடு சேர்ந்து சொல்லும் மனதில் தங்குகிறது.

'சரி, கதை வேண்டும். மாயக்கதை எதற்கு?' என்று கேட்கலாம். ராமன் கதையையோ, தெரிந்த வேறு கதையையோ படித்தால் பாதிச் சொற்களைத் தாண்டிப் போய்விடுவோம். அடுத்து என்ன வரும் என்று தெரியுமே! மாயக்கதையில் அது முடியாது. ஒரு வரியில் பெண் சுருங்குகிறாள். அடுத்த பக்கத்தில் வீட்டு உத்தரத்தில் தலை இடிக்கும் அளவுக்கு நீள்கிறாள். 'சுருங்கினாள்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் கதை கையை விட்டுப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வெட்கப்படவும் வேண்டாம். வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதையையும், ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த அரக்கன் கதையையும் நம் ஊரில் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டார்கள். இந்த ஊர் மராத்தி மொழியில் நாவலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'காதம்பரி'. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் என்ற கவிஞர் சமஸ்கிருதத்தில் எழுதிய கதையின் நாயகி காதம்பரி. சாபமும் மறுபிறவியும் கதை சொல்லும் கிளியும் வருகிற மாயக்கதை அது. அந்த நாயகியின் பெயரையே நாவலுக்கெல்லாம் வைத்துவிட்டார்கள்.

'நாவல்' என்ற சொல்லைச் சொன்னபோது நம் பாட்டி ஒருவர் "பழமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. நாவல் என்பது பழம். நாவல் என்பது நீண்ட கதை. மராத்தியில் 'நவல்' என்றால் அதிசயம். புனேயில் வாழ்ந்த குழந்தை எழுத்தாளர் பா. ரா. பாகவத் (1910–2001) ஆலிஸ் கதையை மராத்தியில் 'ஜாயீசி நவல்கஹாணி' என்று எழுதினார். 'ஜாயியின் அதிசயக் கதை' என்று பொருள். ஜாயி என்பது மல்லிகை இனத்தைச் சேர்ந்த பூ. பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

பாட்டிலில் கட்டிய சீட்டு

கதையை எழுதியவர் லூயிஸ் கரோல். அது புனைபெயர். அவருடைய உண்மைப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். 1862-ம் ஆண்டு ஜூலை 4 அன்று மூன்று சிறுமிகளோடு படகில் போகும்போது வாயால் இந்தக் கதையைச் சொன்னார். அவர்களில் ஒருத்தி ஆலிஸ். 'எனக்கு எழுதிக் கொடுங்கள்' என்று அவள் கேட்டாள். 1865-ல் புத்தகமாக வந்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது.

ஆலிஸ் ஒரு வெள்ளை முயலைத் துரத்திக்கொண்டு அதன் வளைக்குள் விழுகிறாள். கீழே ஒரு நீண்ட கூடம். சுற்றிலும் பூட்டிய கதவுகள். அவற்றில் ஒன்று 15 அங்குல உயரமே உள்ள சின்னக் கதவு. மேசைமேல் ஒரு பாட்டில். அதன் கழுத்தில் ஒரு சீட்டு. என்னைக் குடி என்று அதில் எழுதியிருக்கிறது. ஆலிஸ் உடனே குடித்துவிடவில்லை. 'நஞ்சு' என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கிறாள். இல்லை என்று தெரிந்த பிறகு குடிக்கிறாள். 10 அங்குல உயரத்துக்குச் சுருங்கிப் போகிறாள். கதவின் சாவியோ மேசைமேல் இருக்கிறது! பிறகு ஒரு கேக்கைத் தின்று 9 அடிக்கு மேல் வளர்ந்துவிடுகிறாள்.

இந்த இடத்தில் நம் வட்டத்தில் பெரிய விவாதமே நடந்தது. "நஞ்சு என்று எழுதவில்லை என்பதற்காகக் குடித்துவிடலாமா?" என்று கேட்டார் ஓர் அம்மா. வீட்டில் மண்ணெண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்ததையெல்லாம் பேசினோம். 'நஞ்சு', 'விஷம்', 'அபாயம்', 'எச்சரிக்கை' என்ற நான்கு சொற்களும் அன்று ஒரே கதையில் மாட்டிக்கொண்டன.

அவை ஒன்றுபோல் தோன்றும். ஆனால் அளவு வேறு. பூச்சிமருந்து டப்பாவைப் பாருங்கள். நம் நாட்டில் அதன்மேல் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருக்க வேண்டும். அது இரண்டு முக்கோணமாகப் பிரிந்திருக்கும். கீழ் முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மேல் முக்கோணத்தில் மண்டை ஓடும் இருக்கும். மஞ்சள் என்றால் அதற்கு அடுத்த நிலை. நீலத்துக்கு அபாயம் என்றும், பச்சைக்கு எச்சரிக்கை என்றும் போட்டிருப்பார்கள். பச்சை என்றால் கெடுதலே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நான்கிலும் குறைந்த நஞ்சு, அவ்வளவுதான்.

பெருமைக்குச் சொன்ன சொல்

ஆலிஸ் வளைக்குள் விழுந்துகொண்டிருக்கும்போது தனக்குள் பேசிக்கொள்கிறாள். 'எந்த அட்சரேகைக்கு வந்திருக்கிறேனோ, எந்தத் தீர்க்கரேகைக்கு வந்திருக்கிறேனோ' என்கிற மாதிரி யோசிக்கிறாள். இரண்டுக்கும் அவளுக்குப் பொருள் தெரியாது. சொல்வதற்குக் கம்பீரமாக இருக்கிறதே என்று சொல்லிக்கொள்கிறாள்.

நம்மைச் சுற்றிலும் இது நடக்கிறதா, இல்லையா? பெரிய சொல்லைச் சொல்லிவிட்டால் பெரிய மனிதர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கேட்கிறவர்களும் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை என்பவை பூமி உருண்டைமேல் மனிதன் மனதால் போட்ட கோடுகள். பூமத்திய ரேகைக்கு வடக்கே, தெற்கே எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று அட்சரேகை சொல்லும். இங்கிலாந்தில் கிரீனிச் வழியாகப் போகும் கோட்டுக்குக் கிழக்கே, மேற்கே எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று தீர்க்கரேகை சொல்லும். நம் புனே வடக்கு அட்சரேகை சுமார் பதினெட்டரை பாகையில் இருக்கிறது. சென்னை சுமார் பதின்மூன்றில் இருக்கிறது. அப்படியென்றால் ஊரை விட்டு நாம் வடக்கே ஐந்தரை பாகை வந்திருக்கிறோம். இவ்வளவுதான் விஷயம். சொல்லின் கம்பீரத்தைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்தால் ஒரு கூட்டம் நடக்கிறது. ஆலிஸும் பறவைகளும் விலங்குகளும் நனைந்து போய் நிற்கிறார்கள். உடம்பை எப்படி உலர்த்துவது என்பது பிரச்சினை. அங்கே டோடோ என்ற பறவை எழுந்து பேசுகிறது. மொரீசியஸ் தீவில் வாழ்ந்து 17-ம் நூற்றாண்டில் அழிந்துபோன பறவை அது. கூட்டத் தலைவர் மாதிரி நீளநீளமான சொற்களைப் போட்டுப் பேசுகிறது. உடனே ஒரு கழுகுக் குஞ்சு குறுக்கிடுகிறது. நீ சொன்னதில் பாதிச் சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை, உனக்கே தெரியுமா என்பதும் சந்தேகம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

அந்தக் கழுகுக் குஞ்சு நம் கட்சி! அது சின்னதுதான். ஆனாலும் கேட்டது. கேட்ட பிறகு என்ன நடந்தது? டோடோ ஒரு ஓட்டப் பந்தயம் வைக்கலாம் என்று எளிமையாகச் சொன்னது. அது என்ன பந்தயம் என்று ஆலிஸ் கேட்டாள். செய்து காட்டுவதுதான் நல்ல விளக்கம் என்றது டோடோ. எல்லோரும் ஓடினார்கள். உடம்பு உலர்ந்தது.

கண்ணெதிரே நடந்த சொல்

கதையின் கடைசியில் ஒரு நீதிமன்றம் வருகிறது. ஆலிஸ் அதற்கு முன் நீதிமன்றத்தைப் பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்திருக்கிறாள். அதனால் இவர் நீதிபதி, இவர்கள் ஜூரிகள் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல முடிகிறது. 'ஜூரி' என்ற சொல்லை இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துப் பெருமைப்படுகிறாள். வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களுக்கு ஜூரி என்று பெயர். நம் நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் இப்போது அந்த முறை இல்லை.

முன்பு அட்சரேகை என்று சொன்னபோதும் அவளுக்குப் பெருமைதான். ஆனால் இப்போது பொருள் தெரிந்து சொல்கிறாள். இந்தப் பெருமையில் தப்பே இல்லை.

அந்த ஜூரிகள் பலகையில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? தங்கள் சொந்தப் பெயர்களை! வழக்கு முடிவதற்குள் பெயர் மறந்துவிடுமோ என்ற பயமாம். இந்த இடத்தை வாசித்தபோது நம் வட்டத்தில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நாமும் முதலில் எழுதியது நம் பெயரைத்தானே!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் ஒரு சிறு பிராணி ஆரவாரம் செய்கிறது. உடனே சிப்பந்திகள் அதை 'அடக்குகிறார்கள்'. எப்படி? ஒரு கித்தான் பைக்குள் தலைகீழாகத் திணித்து, வாயைக் கட்டி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்! ஆலிஸ் நினைத்துக்கொள்கிறாள்: வழக்கு முடிந்த செய்தியில் 'ஆரவாரம் அடக்கப்பட்டது' என்று பத்திரிகையில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அதன் பொருள் இப்போதுதான் புரிந்தது என்று.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எத்தனையோ முறை படித்த சொல் அது. கண்ணெதிரே நடந்த பிறகுதான் அவளுக்குச் சொந்தமாயிற்று. நாமும் கதை வழியாக அதைப் பார்த்தோம். இனி செய்தித்தாளில் 'கலகம் அடக்கப்பட்டது' என்று வந்தால், அந்தப் பையும் அதன்மேல் உட்கார்ந்த ஆட்களும் ஞாபகம் வருவார்கள். யாரை அடக்கினார்கள், எப்படி அடக்கினார்கள் என்று கேட்கவும் தோன்றும்.

ஒரு சொல் கிடைத்தால் அதன் சொந்தக்காரர்களையும் தேடுங்கள். மூச்சை அடக்குகிறோம். இறந்தவரை அடக்கம் செய்கிறோம். புத்தகத்தின் முன்பக்கத்தில் உள்ளடக்கம் இருக்கிறது. கடைக்காரர் அடக்க விலைக்கே தருவதாகச் சொல்கிறார். எல்லாவற்றிலும் 'உள்ளே வைத்தல்' என்ற பொருள் ஓடுகிறது. தமிழ்நாட்டில் நிலம் உள்ளவர்கள் 'அடங்கல்' என்று கேட்டிருப்பீர்கள். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அது. பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அதைக் கேட்பார்கள். முயல் வளைக்குள் புகுந்தோம். கிராம நிர்வாக அலுவலகத்தில் வந்து நிற்கிறோம்!

எப்படிப் படிக்கலாம்?

நாம் பின்பற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நிறுத்தாமல் படியுங்கள். தெரியாத சொல்லின் கீழே பென்சிலால் ஒரு புள்ளி போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் கதை செத்துவிடும்.

இரண்டாவது தடவை முன்வரியையும் பின்வரியையும் பார்த்து ஊகம் செய்யுங்கள். ஊகம் சரியா என்று பிறகு அகராதியிலோ, தெரிந்தவரிடமோ பாருங்கள். அக்கம்பக்கம் பார்க்காமல் பொருள் சொல்லவே கூடாது. இந்த ஊரில் அதற்கு நல்ல உதாரணம் உண்டு. இந்தியில் 'சிக்ஷா' என்றால் கல்வி. மராத்தியில் 'சிக்ஷா' என்றால் தண்டனை! ஜப்தி, ஜாமீன், வக்கீல், பாக்கி, தாலுகா போன்றவை தமிழிலும் மராத்தியிலும் ஒரே பொருளில் வரும். அவற்றை நாம் இலவசமாகவே சம்பாதித்துக்கொண்டோம்.

மூன்றாவதாக, ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: சொல், அது கதையில் வந்த இடம், உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. அகராதிப் பொருளை மட்டும் எழுதினால் நிற்காது.

நான்காவதாக, அந்த வாரத்திலேயே அந்தச் சொல்லை வீட்டில் மூன்று முறை பேசுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கே அந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ம் ஆண்டு மே 5 அன்று தொடங்கியது. 1990-களில் தமிழ்நாட்டில் அறிவொளி மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அப்போதே அனுபவத்தில் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. அரிச்சுவடி முடிந்தவுடன் படிப்பதற்கு வேறு புத்தகம் கையில் இல்லையென்றால், கற்ற எழுத்தும் மெல்ல மறந்துவிடும். தண்ணீர் விடாத நாற்று போலத்தான். ஆகவே வாரத்துக்கு ஒரு கதையாவது படியுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. விடுதலைப் பத்திரம் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அந்தப் பத்திரம் நம் வட்டத்தில் ஓர் அக்காவுக்கே வந்தது. சொந்தக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேனாவையும் நீட்டினார்கள். அக்கா தலைப்பை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். "இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள்? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். உடனே யாரும் பதில் சொல்லவில்லை. "அப்படியானால் தெரிந்துகொண்டு வருகிறேன்" என்று பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டோம். அதன்பிறகு கையெழுத்துப் போட்டாரா, இல்லையா என்பது அவர் குடும்ப விஷயம். என்ன முடிவெடுத்தாலும், தெரிந்து எடுத்தார்.

"கேட்க எப்படி அக்கா தைரியம் வந்தது?" என்று நான் விசாரித்தேன். "அந்தக் கழுகுக் குஞ்சே கேட்டதே, எனக்கென்ன?" என்றார்.

அடுத்த வாரம் கதையின் மூன்றாவது அத்தியாயத்திலிருந்து ஆளுக்கு ஐந்து சொல் எழுதிக்கொண்டு வாருங்கள். நோட்டும் பென்சிலும் மறக்க வேண்டாம்.